கோடிட்ட இடத்தில் அம்மா

வால்பாறை
2 ஜூன் 2024

அன்புள்ள பூஜிதாவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். தொண்டை கட்டியிருப்பதாக எழுதியிருந்தாயே, சரியாகிவிட்டதா? நாளெல்லாம் வகுப்பில் கத்தினால் தொண்டை என்ன செய்யும். வெந்நீர் குடி.

நீ அனுப்பிய மாதிரித் தேர்வுத்தாள்கள் வந்து சேர்ந்தன. கணக்கு பரவாயில்லை. இங்கிலீஷில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற பகுதியில்தான் மண்ணைக் கவ்வினேன். ஒரு கோடு, கீழே நாலு வார்த்தை. ஒன்று நாலும் சரி என்று தோன்றுகிறது, இல்லாவிட்டால் நாலும் தெரியாத வார்த்தையாக இருக்கிறது. உன் மாமா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொடு" என்கிறார். தப்பாகத் தொட்டால் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள் என்றால், "அப்ப தொடாதே" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் எங்கே பாஸாவது!

ஆனால் பாஸாகியே தீர வேண்டும். வங்கித் தேர்வுக்கு எனக்கு இதுதான் கடைசி வருடம், அடுத்த முறைக்குள் வயது தாண்டிவிடும். நான் ஷாஹுலைக் கட்டிக்கொள்ளப் போன அன்று அப்பா சொன்னது உனக்கும் மறந்திருக்காது. "நாளைக்குச் சோத்துக்கில்லாம இதே வாசல்ல வந்து நிப்பே பாரு." நான் வேலையோடு அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். அப்பாவை ஜெயிப்பதற்காக இல்லை. அவர் கேட்டார் என்று அம்மா உன் தலையில் கை வைத்து, "இவ தலை மேல சத்தியமா இனி அவகூடப் பேச மாட்டேன்" என்றாளே, அந்தச் சத்தியத்தை அப்பாவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரெண்டு வருடமாக அம்மா குரலைக் கேட்காமல் இருக்கிறேன், பூஜி. ஒரு தடவை திட்டினால்கூடப் போதும்.

நீ கெட்டிக்காரி. நீயும் அம்மா தலையில் கை வைத்துத்தான் சத்தியம் செய்தாய். பேச்சைத்தான் விட்டாய், பேனாவை விடவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா அன்புக்கரசி

கோயம்புத்தூர்
11 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

பூஜி எழுதுகிறேன். தொண்டை தேவலாம். இங்கு எல்லோரும் நலம். அங்கே மழை பிடித்துவிட்டதா? மாமாவை வளைவுகளில் பார்த்து ஓட்டச் சொல்.

இனியும் கடிதத்தை ஊருக்குப் போடாதே, நான் தினமும் பஸ்ஸில் வந்து பாடம் எடுக்கிற இந்தக் காந்திபுரம் பயிற்சி மையத்துக்கே போடு. அப்பா சாயந்தரமானால் என் போனை வாங்கிப் பார்க்கிறார். உங்கள் பக்கம் டவரும் கிடையாது. தபால்காரரை மட்டும்தான் அப்பா இன்னும் சந்தேகப்படவில்லை.

இப்போது பாடம். நீ செய்கிற முதல் தப்பு, கோட்டைப் பார்த்ததும் கீழே இருக்கிற விடைகளுக்கு ஓடுவது. அந்த நாலில் மூன்று உன்னை ஏமாற்றுவதற்கென்றே உட்கார்த்தி வைத்தவை. விடைகளைக் கையால் மூடிக்கொள். வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படி. கோட்டில் நீயாக ஒரு வார்த்தையைப் போடு. சாதாரண வார்த்தையாக இருந்தால் போதும். அப்புறம் கையை எடுத்து, உன் வார்த்தைக்கு எது கிட்டத்தில் வருகிறது என்று பார்.

முதலில் தமிழில் பழகு. முறை கைக்கு வந்தால் இங்கிலீஷ் பின்னாலேயே வரும். மூன்று வாக்கியம் தருகிறேன். விடைகள் தரப் போவதில்லை, ஏனென்றால் நீ கையால் மூடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பலத்த மழை பெய்ததால் பஸ் ______ வந்தது.
விருந்தாளிகள் வந்திருந்தும் வீட்டுக்காரி அடுப்பை ______.
அவன் பேசியது குறைவு. ஆனால் செய்தது ______.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

பூஜிதா

வால்பாறை
23 ஜூன் 2024

அன்புள்ள பூஜிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் சுகமே. மழை பிடித்துவிட்டது. துணி காய்வதில்லை, அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருக்கிறேன். உன் மாமாவின் சட்டையில் எப்போதும் சாம்பார் வாசனை.

விடைகள்: தாமதமாக. மூட்டினாள். அதிகம்.

மூன்றும் சரிதானே? கையால் மூடுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பழக்கத்துக்காகக் கையை வைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தேன். என் அலமாரி அப்படியே இருக்கிறதா, யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? சமைக்கிறபோது பாடுவாளே, இப்போதும் பாடுகிறாளா? எது இருக்கிறதோ அதை எழுது. எனக்கு எல்லாம் வேண்டும்.

அக்கா

கோயம்புத்தூர்
4 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சாம்பார் மாமாவுக்கு என் வணக்கம்.

மூன்றில் ஒன்று தப்பு. விருந்தாளிகள் 'வந்திருந்தும்' என்று போட்டிருக்கிறேன். வந்திருந்தும் அவள் அடுப்பை மூட்டவில்லை. அதுதான் விடை. வருத்தப்படாதே, என் வகுப்பில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் உன்னைப் போலவே மூட்டிவிட்டார்கள். ஆள் வந்து உட்கார்ந்த பிறகும் அடுப்பு மூட்டாத ஒருத்தி இருப்பாள் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நினைத்துப் பார்க்கவே வராது போலிருக்கிறது. ஒரு பெண் எழுந்து, "அவ ஊட்ல கேஸு தீந்திருக்குமுங்க மிஸ்" என்று அந்த வீட்டுக்காரிக்காக வாதாடினாள்.

நம் வீட்டில் நடப்பதைத் தேர்வில் கேட்பதில்லை அக்கா. வாக்கியம் என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால், இருந்தும், என்றாலும் என்று வந்தால் வண்டி திரும்புகிறது. அதனால், ஏனென்றால், மேலும் என்று வந்தால் நேராகப் போகிறது. முதலில் அந்த வார்த்தையைத் தேடி வட்டம் போடு. பிறகு கோட்டுக்கு மேலே ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடு. வரப்போவது நல்லதைச் சொல்கிற வார்த்தையா, கெட்டதைச் சொல்கிற வார்த்தையா என்பது தெரிந்தாலே பாதி விடைகளை அடித்துவிடலாம். வார்த்தைக்குப் பொருள் தெரியாவிட்டாலும் அதன் நிறம் தெரிந்துவிடும்.

அலமாரி அப்படியே இருக்கிறது. அம்மா எப்போதும் போல.

பூஜிதா

வால்பாறை
19 ஜூலை 2024

அன்புள்ள பூஜி,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே எங்களுக்கும் குறைவில்லை. மண் சரிந்து ரெண்டு நாள் ரோடு அடைத்துக் கிடந்தது, அதனால்தான் தாமதம். உன் மாமா வீட்டில் உட்கார்ந்து என் தாள்களையெல்லாம் படித்துவிட்டு, இப்போது என்னை விட நன்றாகக் கூட்டல், கழித்தல் போடுகிறார். நேற்று நான் வைத்த ரசத்துக்குக் கழித்தல் போட்டார்.

உன் முறை வேலை செய்கிறது. கோட்டுப் பகுதியில் முன்பெல்லாம் பாதிகூடத் தேறாது. இப்போது தப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் நீ கற்றுக்கொடுத்ததை உன் கடிதத்திலேயே போட்டுப் பார்த்தேன். வகுப்பு, மழை, பொள்ளாச்சிப் பெண் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அம்மா என்று வந்ததும் 'நன்றாக இருக்கிறாள்', 'எப்போதும் போல'. அந்த இடத்தில் நானாக ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தால் கழித்தல்தான் வருகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? தேர்வு முடியட்டும் என்று மறைக்கிறாயா? அப்படி ஏதாவது இருந்தால் தேர்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன். அப்பா அடித்தாலும் சரி.

உடனே எழுது.

அக்கா

கோயம்புத்தூர்
6 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நிஜமாகவே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. கிளம்பி வந்துவிடாதே.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உண்மையை எழுதினால் உனக்கு வலிக்கும் என்று பயந்தேன். உண்மை இதுதான்: அம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. உன் கடிதம் வருவது அவளுக்குத் தெரியும், நானே சொன்னேன். படிக்கட்டுமா என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். ரெண்டு வரி எழுதிக் கொடு, நான் அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். "எழுதறதும் பேசறதுதான் கண்ணு. உன்ற தலையில கை வெச்சிருக்கறேன், உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?" என்கிறாள். என் தலையை வைத்து அவள் வாயைக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது அக்கா, தலையை மொட்டையடித்துக் கொள்ளலாம் போலிருக்கிறது. அதனால்தான் அவளைப் பற்றி உனக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல் இருந்தது.

ஆனால் ஒன்று. நான் சாயந்தரங்களில் உனக்குக் கேள்விகள் எழுதும்போது சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொள்கிறாள். நான் வாக்கியத்தைச் சத்தமாகப் படிப்பேன். போன வாரம் இப்படி ஒன்று எழுதினேன்: 'சந்தைக்குப் போன மகள் இருட்டிய பிறகும் வரவில்லை, அதனால் அம்மா ______.' நான் வைத்திருந்த விடைகள் கோபப்பட்டாள், தேடினாள், அழுதாள், கவலைப்பட்டாள். உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டபடி அம்மா சொன்னாள்: "வாசல் லைட்ட அணைக்கல." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் நாலு விடையிலும் அது இல்லை. அந்தக் கேள்வியைத் தாளில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

தேர்வு நெருங்குகிறது. ரெண்டு விடையை உறுதியாக அடிக்க முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து தொடு. ஒன்றைக்கூட அடிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போ. தெரியாத வார்த்தை என்பதற்காக ஒரு விடையை ஒதுக்காதே. தெரிந்த மூன்றும் தப்பு என்றால் தெரியாததுதான் விடை.

பூஜிதா

வால்பாறை
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பூஜி,

சுகமாக வந்து சேர்ந்தோம். தேர்வு முடிந்தது.

வாசல் லைட் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தேர்வுக்குப் போகும்போதும் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். உள்ளே விடும்போது சோதனை போட்ட பெண் அதை வாங்கி வெளியே வைத்துவிட்டாள்.

தேர்வுக்காகக் கோயம்புத்தூருக்கு வருகிற வழியில் பஸ் கிணத்துக்கடவைத் தாண்டியது. நம் ஊருக்குப் பிரிகிற ரோட்டைப் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் பாலத்தின் மேலே ஏறிப் போய்விட்டது. கீழே தென்னை மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அதில் எது நம் தோப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "ஏனுங்க அம்மணி, தலை சுத்துதுங்களா?" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கோட்டுப் பகுதி நன்றாகவே போனது. கணக்கில் நேரம் ஓடிவிட்டது. சரியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். வேண்டிக்கொள்.

அக்கா

வால்பாறை
3 அக்டோபர் 2024

பூஜி,

உடம்பு நலம். மற்றது நலமில்லை.

முடிவு வந்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய். இங்கிலீஷில் நல்ல மதிப்பெண், நீ கொடுத்தது. நான் நம்பியிருந்த கணக்குதான் காலை வாரிவிட்டது. கொஞ்சத்தில் போனது. வயது போனது, வாய்ப்பும் போனது.

உன் மாமா டீ போட்டுக் கொண்டு வந்து வைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வேலை போனதற்கு அழவில்லை. எந்த முகத்தோடு அந்த வாசலுக்குப் போவேன்? அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவள் கேட்காவிட்டாலும் சொல்.

அக்கா

வால்பாறை
20 அக்டோபர் 2024

அன்புள்ள பூஜி,

ஏன் பதில் இல்லை? நலமாக இருக்கிறாயா? நான் பாஸாகவில்லை என்று என் மேல் கோபமா? வாத்தியாரம்மாவுக்குத் தன் மாணவி பெயிலானால் கோபம் வரத்தான் செய்யும். திட்டியாவது ஒரு கார்டு போடு. அங்கேயிருந்து எனக்கு வருவது உன் கடிதம் ஒன்றுதான். அதுவும் நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்?

அக்கா

கோயம்புத்தூர்
5 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கோபமில்லை. பல தடவை எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

அம்மாவிடம் முடிவைச் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு மார்க் என்று கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, தானாகவே கேட்டாள்: "வால்பாறை பஸ்ஸு பொள்ளாச்சீலயே கெடைக்குமா கண்ணு?" கிடைக்கும் என்றேன்.

அப்பா வருகிற 14ஆம் தேதி வியாழக்கிழமை கொப்பரை லோடோடு காங்கேயத்துக்கு எண்ணெய் மில்லுக்குப் போகிறார். திரும்ப நடு ராத்திரி ஆகிவிடும். அன்றைக்கு நீ எங்கும் போகாதே. உச்சி வேளைக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நில்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் உன்னோடு பேச மாட்டாள். என் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏமாந்து போகாதே.

பூஜிதா

வால்பாறை
16 நவம்பர் 2024

என் தங்கப் பூஜிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா, உன் தலை சுகமா? பத்திரமாக வைத்துக்கொள்.

அம்மா வந்தாள். நாற்பது வளைவிலும் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து இறங்கினாள். "அம்மா" என்றேன். பக்கத்தில் வந்து என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதேதான். நீ எழுதியிருந்தாய், இருந்தாலும் எனக்கு ஆசை விடவில்லை. முழங்கால் எப்படிம்மா, அப்பா எப்படிம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. நேராக அடுப்படிக்குப் போய் என் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், அரிசியைக் களைந்து வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் உன் வழிக்கே வந்தேன், நாலு விடை கொடுத்துக் கேட்டேன். "அப்பா இன்னும் கோபமா இருக்காரா? கோபம் தீர்ந்துடுச்சா? என்னை மறந்துட்டாரா? இல்லை, யாரும் இல்லாதப்ப என் போட்டோவை எடுத்துப் பாக்கறாரா?" முதல் விடைக்குத் தலையாட்டினாள். நடு ரெண்டுக்கும் இல்லை என்று தலையசைத்தாள். நாலாவதுக்கும் ஆமாம் என்று ஆட்டினாள். "ஒரு கேள்விக்கு ஒரு விடைதாம்மா" என்றேன். சிரித்துவிட்டாள், சத்தமே வராமல். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தும் ஒரு வார்த்தை கிடைக்கப் போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் உன் மாமா சாப்பிட வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வருவதா, திரும்பிப் போவதா என்று தெரியாத நிற்பு. அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் விட்டுக்கொண்டாள்.

"வாங்க மாப்பிள்ளை. கை கழுவிட்டு வந்து உக்காருங்க, சோறு ஆறுது."

பூஜி, அது அம்மாவின் குரல். சத்தியம் என்னோடு பேசக் கூடாது என்பதற்குத்தான். மாப்பிள்ளையோடு பேசக் கூடாது என்று அப்பா கேட்கவே இல்லை. மாப்பிள்ளை என்று ஒருவர் இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவர் அதை எப்படிக் கேட்டிருப்பார்? அம்மா மலையேறி வந்ததே இதற்காகத்தான். அவர் வருகிற நேரம் வரை பொறுத்திருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. "உங்க ஊட்டுக்காரி இப்படி எளைச்சுப் போயிட்டாளே, நீங்க பாக்கறதில்லீங்களா?" என்றாள். "தலைக்கு எண்ணெய் வெச்சு எத்தன நாளாச்சுன்னு கேளுங்க." அவர் என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளாச்சு?" என்றார். நேற்றுத்தான் வைத்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். "பொய்யின்னு சொல்லுங்க மாப்பிள்ளை, தலையப் பாத்தா தெரியாதுங்களா?" என்றாள். பாவம், சோற்றைப் பிசைந்த கையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தார். முழங்கால் வலியை அவரிடம் சொன்னாள், நீ எழுத மறந்ததையெல்லாம் சொன்னாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். என் தட்டில் மோர் ஊற்றிக்கொண்டே அவரிடம் பேசினாள்.

சாயந்தர பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உன் மாமா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "இவ பாஸாகி வேலையோட வந்து நிக்கணும்னு அவ்வளவு ஆசைப்பட்டா. பாஸாயிருந்தா இன்னும் முன்னாடியே வந்திருப்பீங்களாம்மா?"

அம்மா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாஸாயிருந்தா அவளே ஊட்டுக்கு வந்திருப்பா மாப்பிள்ளை. பெயிலாயிட்டாளே, அப்ப நாந்தானுங்களே வரோணும்?"

உன் மாமா என் பக்கம் திரும்பி, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா